மொனிட்டருக்கு ஞாயம் கேட்கப் போன லயம்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுல, அதாவது லயத்துக் காம்பராவுல ஒக்காந்து ரெண்டு ஸ்க்ரீன் வச்சு வேலை செய்றேன்னு சொன்னா இன்னைக்கும் சில பேரு சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க யாரும் எனக்குச் சோறு போடல.

என் வேலை மொழிபெயர்ப்பு. சிங்களத்துல வர்றதத் தமிழாக்கணும். மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வைக்கிற தாள், இன்சூரன்ஸ் நிபந்தனை, கேஸ் அடுப்பு வாங்குனா கூடவே வர்ற புத்தகம், இப்படி. கொழும்புல ஒரு சின்ன கம்பெனி அனுப்பும், நான் ஹட்டனுக்குப் பக்கத்துல எங்க தோட்டத்துல இருந்தே செஞ்சு அனுப்புவேன். சிங்களம் எனக்கு பஸ்ஸுலயும் டிஸ்பென்சரியிலயும் சந்தையிலயும் பேசிப் பேசி வந்தது. பெறகுதான் எழுத்தப் படிச்சேன். அந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்க மாட்டேன்.

பிரச்சினை என் லெப்டொப்புதான். சின்னது. அதுல சிங்களத்த ஒரு பாதியிலயும் தமிழ இன்னொரு பாதியிலயும் தொறந்தா எழுத்து எறும்பு மாதிரி ஊரும். அதனால ஒண்ண மூடி ஒண்ணத் தொறந்து, மாத்தி மாத்திப் பாத்து செய்வேன். அப்படிச் செஞ்சதுல ஒரு மருந்துத் தாள்ல ஒரு பந்தியே, முழுசா நாலஞ்சு வரி, விட்டுப் போச்சு. வயித்துல புள்ள இருக்கிறவங்க அந்த மருந்தச் சாப்பிடக் கூடாதுங்கிற பந்தி. நல்ல வேளை, அச்சுக்குப் போக முன்ன கம்பெனி மேடம் கண்டுபுடிச்சிட்டாங்க. உடனே போன் கோல் வந்துச்சு.

"இனி வீட்டுல இருந்து செய்ய விட ஏலாது. ஆபீஸ்ல எல்லாருக்கும் ரெண்டு ஸ்க்ரீன் இருக்கு. அடுத்த மாசத்துல இருந்து கொழும்புக்கு வந்துருங்க."

தப்பு என் மேல. ஒத்துக்கிட்டேன். ஆனா கொழும்புக்கு வர்றதுக்கு மட்டும் ஒத்துக்க மனசு வரல. எங்க அக்கா பள்ளிக்கூடம் முடிச்ச கையோட கொழும்புக்குப் போனவ. துணிக்கடையில நிக்கிறா. இப்ப தீபாவளிக்கு மட்டும் பலகாரம் தின்ன வர்ற விருந்தாளி மாதிரி ஆயிட்டா. எங்க லயத்துல எந்தக் காம்பராவத் தட்டுனாலும் இதே கததான். நானும் போயிட்டா அம்மா கொழுந்து பறிச்சிட்டு வந்து யாரு மூஞ்சியில முழிப்பாங்க? இந்த மலையில பொறந்தவ எல்லாம் பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பித்தான் ஆகணுமுன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?

"மேடம், ரெண்டு ஸ்க்ரீன் இல்லாததுதானே குறை? அத நானே வாங்கிக்கிறேன்"னு சொன்னேன்.

அவங்க உடனே ஒத்துக்கல. ஒரு பெரிய புத்தகம் அனுப்புறேன், புதன்கிழமைக்குள்ள ஒரு வரி விடாம முடிச்சுக் குடுங்க, பெறகு பேசுவோமுன்னாங்க.

சனிக்கிழமை காலையிலயே லெப்டொப்ப பையில போட்டுக்கிட்டு, கேபிளையும் எடுத்துக்கிட்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். மொதக் கடையில பழைய சதுர மொனிட்டர் ஒண்ணு இருந்துச்சு, விலை கொறைவுதான். ஆனா என் லெப்டொப்புல இருக்கிற ஓட்டையும் அதுல இருந்த ஓட்டையும் சேராது. நடுவுல ஒரு கன்வேட்டர் வாங்கணும், அதுவும் கலரெல்லாம் மஞ்சப் பூசுன மாதிரி இருந்துச்சு. அடுத்த கடையில ஒரு தம்பி, வளைஞ்ச மொனிட்டரக் காட்டி, கேம் அடிக்க சூப்பர் அக்கான்னான். "எனக்கு கேம் அடிக்க நேரமில்ல தம்பி, எழுத்து நகராம நின்னா போதும்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மூணாவதா போனது பஜார்ல ஒரு முஸ்லிம் முதலாளியோட கடை. நல்ல மனுசன், வாய்தான் நீளம்.

"என்னத்துக்கு மகள் மொனிட்டர்? அதே காசுக்கு முப்பத்திரெண்டு இஞ்சி டீவி தாரேன். வயர் குத்தினா ரெண்டும் ஒண்டுதான்."

"குத்திக் காட்டுங்க"ன்னேன்.

என் லெப்டொப்ப அந்த டீவியில குத்தி, என்னோட தமிழ் பைலத் தொறந்தேன். அடேயப்பா, பாக்கப் பெருசாத்தான் இருந்துச்சு. ஆனா கிட்டப் போயி பாத்தா புள்ளி எது, சுழி எதுன்னு தெரியல. ண-வும் ன-வும் ஒரே கஞ்சியாக் கெடந்துச்சு. டீவிய தூரத்துல இருந்து பாக்கலாம், நாள் முழுக்க மூக்குக்கு முன்னால வச்சுப் படிக்க முடியாது. பெறகு மூலையில தூசி புடிச்சுக் கெடந்த ஒரு மொனிட்டரக் காட்டச் சொன்னேன். ஏதோ ஆபீஸ்ல பாவிச்சுப் பழசாகி வித்தது, இருபத்திரெண்டு இஞ்சி, ஓரத்துல ஒரு கீறல். அதுல அதே பைல் வந்தப்ப ஒவ்வொரு சுழியும் தனித்தனியா நின்னுச்சு. பக்கத்துல நின்னு சாஞ்சு பாத்தேன், நெறம் மாறல. வெள்ளத் தாளத் தொறந்து எரியாத செத்த புள்ளி இருக்கான்னு தேடினேன், இல்ல. அதோட கழுத்தத் தூக்கவும் எறக்கவும் முடிஞ்சிச்சு.

"கலியாணத்துக்குப் பொண்ணு பாக்கிற மாதிரி பாக்குறீங்களே மகள்"னு முதலாளி சிரிச்சாரு.

"பொண்ணு பாக்கிறவங்க இவ்வளவு பாக்க மாட்டாங்க முதலாளி"ன்னேன். என் கையில இருந்த காசுக்கு அது சரியா வந்துச்சு. வாங்கிட்டேன்.

வீட்டுல கொண்டாந்து மேசையில வச்சதும் அம்மா மூலையில சந்தனம் வச்சு குங்குமம் இட்டாங்க. அம்மாவுக்கு அது என்னன்னு தெரியாது, நானும் வெளக்கமாச் சொல்லல, அன்னைக்கு வேலை தலைக்கு மேல. வெளிய இருந்து எட்டிப் பாத்தவங்க எல்லாம் "டீவி வந்திருச்சா, டீவி வந்திருச்சா"ன்னு கேட்டாங்க. அம்மா ஆமான்னு தலையாட்டினாங்க. நான் புத்தகத்துல மூழ்கிக் கெடந்தேன்.

மறுநாள் ஞாயித்துக்கெழமை. கொழுந்து இல்ல, எல்லாரும் வீட்டுல. நான் துணி மூட்டையத் தூக்கிக்கிட்டு, தண்ணி கொட்டுற பீலிக்குப் போனேன். தண்ணிக்கு அன்னைக்கு வரிசை. தொவைச்சு, அலசி, குளிச்சிட்டு வீட்டுக்கு வந்து பாத்தா மேசை மொட்டையா இருக்கு. லெப்டொப் மட்டும் கெடக்கு. அம்மாவையும் காணோம். பக்கத்துக் காம்பரா மாமாவையும் காணோம். அத்தைதான் வாசல்ல அரிசி பொடைச்சிக்கிட்டு இருந்தாங்க.

"என்ன அத்தை, எங்க எல்லாரும்?"

"ஞாயம் கேக்கப் போயிருக்காங்க புள்ள. அந்தக் கடக்காரன் ஒன்ன நல்லா ஏமாத்திட்டானே! டீவியப் போட்டா படமே வரல. மாமா பின்னால பாத்தாரு, அன்டனா குத்துற ஓட்டையே இல்லையாம். ஓட்டை இல்லாத டீவிய ஒரு பச்சப் புள்ள தலையில கட்டிட்டானே பாவி!"

எங்க லயத்துல ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தருக்கு அநியாயம் நடந்தா அவங்கள தனியா அனுப்ப மாட்டாங்க. கூரைத் தகரம் பறந்தாலும், தண்ணி வராட்டியும், நாலஞ்சு பேரு சேந்துதான் ஆபீசுக்குப் போவாங்க. தனியா நின்னா தோட்டத்துத் தொரை பேசுவாரு, கூட்டமா நின்னா தொரை கேப்பாரு. அந்தப் பழக்கத்துலதான் நான் வெளங்காம ஏமாந்துட்டேன்னு நெனைச்சு, எனக்குச் சொல்லிச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு, என் மொனிட்டரத் தூக்கிக்கிட்டு ஹட்டனுக்குப் போயிட்டாங்க. மாமா போன் எடுக்கல. ஞாயம் கேக்கும்போது அவரு போன் எடுக்கிறதில்ல.

பொழுது சாயிறப்ப வந்தாங்க. வெற்றியோட வந்தாங்க. மாமா தலைமேல பெரிய பெட்டி. முப்பத்திரெண்டு இஞ்சி டீவி. கூட செவத்துல மாட்டுற பிராக்கெட் வேற.

"ஒரு சதம் கூடக் குடுக்கல! கடை வாசல்ல நின்னு நான் குடுத்த சத்தத்துல முதலாளி ஆடிப் போயிட்டாரு. பிராக்கெட்டும் புடுங்கிக்கிட்டு வந்தேன்"னு மாமா மாருல தட்டினாரு. சனம் பாயோட வந்து எங்க காம்பராவுல ஒக்காந்துருச்சு. அம்மா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அதப் பாத்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேந்து வந்துச்சு.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"ன்னு கத்திட்டேன்.

மாமா மூஞ்சி சுருங்கிப் போச்சு. "ஒனக்காகத்தானே புள்ள போனோம்?"

"எனக்காகத்தான் மாமா. ஆனா என்னக் கேக்கல. அது டீவி இல்ல. ஓட்டை இல்லாட்டியும் அது ஏமாத்துன சாமான் இல்ல. அதுதான் என் வேலை."

அந்த டீவியில லெப்டொப்ப குத்தி புத்தகத்தத் தொறந்து காட்டினேன். "கிட்ட வந்து பாருங்க. இத நாள் முழுக்கப் பாத்து ஒரு வரி விடாம எழுத முடியுமா?" பாயில இருந்த பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க, பழைய மாதிரி சின்னதுல பாத்துச் செய்யேன், எல்லாரும் ஆசையா வந்துட்டோமேன்னாங்க.

"சின்னதுல பாத்துச் செஞ்சுதான் தப்பு வந்துச்சு. இன்னொரு தப்பு வந்தா நான் கொழும்புக்குப் போகணும். அக்கா மாதிரி. போகச் சொல்றீங்களா?"

அது வரைக்கும் இதச் சொல்லாம வச்சிருந்தேன். அம்மா முகத்துல சிரிப்பெல்லாம் போயிருச்சு. பெறகு போயி டீவியோட வயரப் புடுங்கினாங்க.

"பெட்டியில போடுங்க அண்ணே. காலையில மொத பஸ்ஸுக்குப் போறோம்."

"நாளைக்கு பேரு போயிருமே"ன்னு அத்தை இழுத்தாங்க. ஒரு நாள் வேலைச் சம்பளத்தத்தான் நாங்க பேருன்னு சொல்றது.

"போகட்டும்"னாங்க அம்மா.

திங்கக்கெழமை நாங்க கடைக்குள்ள நுழைஞ்சதும் முதலாளி ரெண்டு கையையும் தலையில வச்சாரு.

"அல்லாஹ்வே! நேத்து டீவி இல்லண்டு சண்ட, இண்டைக்கு டீவி தந்துட்டேண்டு சண்டயா?"

என் மொனிட்டர் அவரு மேசையில இருந்துச்சு. அவரோட கணக்கு கம்பியூட்டர்ல மாட்டியிருந்தாரு. நல்லா இருக்கிறதால தானே எடுத்துக்கிட்டதாவும், இனிக் கழட்ட ஏலாதுன்னும் சொன்னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு.

"முதலாளி, சனிக்கெழமை நீங்க டீவி எடுக்கச் சொன்னீங்க, நான்தான் வேணாமுன்னேன். ஏன் வேணாமுன்னும் காட்டினேன். வாங்குன ஆளு இல்லாம சாமான மாத்தலாமா? ஒரு கோல் எடுத்திருந்தா நான் சொல்லியிருப்பேன்ல?"

"ஒங்கட உம்மாதானே வந்து நிண்டாங்க?"

அம்மா முன்னால வந்தாங்க. "நான்தான் வந்தேன். நேத்துத் தெரியாம வந்தேன். இன்னைக்குத் தெரிஞ்சு வந்திருக்கேன். கழட்டுங்க."

முதலாளி அம்மாவப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, வாசல மறிச்சுக்கிட்டு நிக்கிற மாமாவப் பாத்தாரு. பெருமூச்சு விட்டுக்கிட்டுக் கழட்டினாரு. மாமா மட்டும் பிராக்கெட்டத் திருப்பிக் குடுக்க மாட்டேன்னு அடம் புடிச்சாரு. நான் புடுங்கிக் குடுத்தேன்.

அன்னைக்கு மத்தியானத்துல இருந்து எங்க காம்பராப் பக்கம் யாரும் வரல. சத்தமும் இல்ல. இடப்பக்கம் சிங்களம், வலப்பக்கம் தமிழ். வரிக்கு வரி நேரே நின்னுச்சு. எதையும் மூட வேணாம், தொறக்க வேணாம். புதன்கிழமை காலையிலயே அனுப்பிட்டேன்.

மறுநாள் மேடம் வீடியோ கோல் எடுத்தாங்க. ஒரு வரி விடலையாம், ஒரு எழுத்துப் பிழை இல்லையாம், ரொம்ப நல்லா வந்திருக்காம். "சரி, நீங்க அங்கேயே இருந்து செய்ங்க"ன்னாங்க. எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. ஆனா அவங்க முடிக்கல.

"ஒண்ணே ஒண்ணு. கஸ்டமர்ஸ் கோல்ல இருக்கும்போது கொழும்புல இருக்கிறதாவே சொல்லுங்க. பின்னால அந்தச் செவரு தெரியாம ஏதாவது ஒரு படத்தப் போட்டுக்கங்க. லயமுன்னு தெரிஞ்சா ஒரு மாதிரி நெனைப்பாங்க."

என் பின்னால இருந்தது எங்க தாத்தா காலத்துச் செவரு. கரி புடிச்சது. ஈரம் ஏறுனது. அதுல என்ன அசிங்கம்?

"மேடம், மருந்துத் தாளத் தமிழ்ல யாரு படிக்கிறாங்கன்னு நெனைக்கிறீங்க? இந்தச் செவத்துக்குப் பின்னால இருக்கிறவங்கதான். பக்கத்துக் காம்பராவுல ஒரு பொண்ணு வயித்துல புள்ளையோட இருக்கா. நான் விட்ட அந்தப் பந்தி அவளுக்கு எழுதுனது. கேட்டா லயத்துல இருந்துதான் செய்றேன்னு சொல்லுவேன். செவர மறைக்கவும் மாட்டேன், கொழும்புக்கு வரவும் மாட்டேன். புடிக்கலன்னா இப்பவே சொல்லிருங்க."

பயந்தேன், ஆனா ஒரு சொல்லக் கூடத் திருப்பி எடுக்கல.

"அடுத்த பைல் பின்னேரம் வரும்"னாங்க மேடம். போன வச்சிட்டாங்க.

அம்மா மலையில இருந்து வந்த உடுப்போட வாசல்லயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. "என்னவாம்? போகணுமா?"

"எங்கயும் போக வேணாம்மா."

அம்மா மண்ணு கையச் சேலையில தொடச்சிக்கிட்டு என் போன எடுத்தாங்க. யாருக்கு எடுக்கிறாங்கன்னு பாத்தேன். அக்காவுக்கு.

"தங்கச்சிக்கு இனி இங்கேயேதான் வேலை"ன்னு அம்மா சத்தமாச் சொன்னாங்க, லயத்துக்கே கேக்கும்படி. "ஒனக்கும் சிங்களம் தெரியும்தானே? துணிக்கடையில நின்னது போதும். மேசையில மொனிட்டர் இன்னொண்ணு வைக்க எடம் இருக்கு. நீயும் வந்துரு."