வால் உடைந்த சிவப்பு மீன்

‘குழந்தை தன் கையால் தொட்டுத் தானே கற்றுக்கொள்ளும்’ என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொட விடுவார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். தொட்ட பிறகு பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பார்கள்.

கேளம்பாக்கம் பக்கம் அப்படி ஒரு பள்ளியில்தான் எல்கேஜி படித்தேன். எங்கள் வீடு கோவளம் குப்பத்தில். அப்பா கடலுக்குப் போவார். அம்மா கரையில் மீனை ஏலம் எடுத்து விற்பாள். குப்பத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் போன ஒரே பிள்ளை நான். அந்த இடம் கிடைக்க அம்மா எத்தனை முறை அந்தக் கேட்டில் போய் நின்றாளோ, அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

வருஷக் கடைசியில், யூகேஜிக்கு யாரை ஏற்றலாம் என்று பார்க்க, மிஸ் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்தார். என் முன்னால் ஒரு தட்டை வைத்தார். அதில் பன்னிரண்டு மர மீன்கள். பொடிசு, தட்டை, பெரிசு என்று மூன்று தினுசு, நாலு நிறம். எனக்குப் போய் மீனையே வைத்தார்கள் பாருங்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

“உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பிரிச்சு வை கண்ணா. இதுல சரி, தப்புன்னு ஒண்ணுமே கெடையாது” என்றார் மிஸ்.

பிரித்தேன். பொடி மீன் காயப் போட. தட்டையானது குழம்புக்கு. கொழுத்த பெரிய மீன் ஓட்டலுக்கு. அதை வீட்டில் யார் தின்பார்கள்? ஒரு பெரிய சிவப்பு மீனுக்கு மட்டும் வால் நுனி உடைந்திருந்தது. அதைத் தூக்கித் தனியாக வைத்தேன்.

“இத ஓட்டல்காரன் எடுக்க மாட்டான் மிஸ். வாலு ஒடஞ்சி கீது.”

மிஸ் சிரிக்கக்கூட இல்லை. இந்தப் பிள்ளைக்கு நிறம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு, மறுநாள் அம்மாவை வரச் சொன்னார். நிறமா தெரியாது எனக்கு? செவுளின் நிறத்தைப் பார்த்தே மீன் இன்று பிடித்ததா நேற்றுப் பிடித்ததா என்று சொல்லுவேன், அந்த ஐந்து வயதில்!

அம்மா குளித்து, பவுடர் போட்டு, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் வந்தாள். அவள் உள்ளே வந்ததும் மிஸ் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவைத்தார். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

“கலர் பிரிக்கவே வரலைங்க. இன்னொரு வருஷம் எல்கேஜியிலேயே இருக்கட்டும்.”

“அய்யோ, வாணாம் மிஸ். வூட்ல நானே சொல்லித் தரேன்.”

“எங்க, இப்பவே சொல்லிக் குடுங்க, பாக்கலாம்” என்று மிஸ் தட்டை நகர்த்தினார்.

அம்மா பாயில் குந்தினாள். அவள் கை தானாக நீண்டு, வால் உடைந்த சிவப்பு மீனை எடுத்துத் தனியாக வைத்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த மீனைத் திரும்ப எடுத்து மற்றச் சிவப்பு மீன்களோடு சேர்த்தாள். பொடிசும் பெரிசும் ஒன்றாகக் கிடக்க, நிறத்துக்கு ஒன்றாக நாலு குவியல் போட்டாள்.

“இப்படித்தான் வைக்கணும், இன்னா? எங்க, நீ வை” என்றாள் என்னிடம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அழுதுகொண்டே அப்படியே வைத்தேன். மிஸ் கைதட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி கத்தினேன்: “உனக்கு மீனே பிரிக்கத் தெரியலம்மா!”

“ஆமாண்டி, எனக்கு இன்னா தெரியும்” என்று அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அதோடு விட்டேனா? எங்கம்மாவுக்கு மீன் பிரிக்கத் தெரியாது என்று ஒரு வாரம் கரையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். யூகேஜிக்கு என் கெட்டிக்காரத்தனத்தால்தான் போனேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.