கடல் தாண்டி வேலைக்கு வந்த ஐந்து பேய்கள்

பிள்ளைகளே, துபாயில் நான் வண்டியை நிறுத்தும் கட்டடங்களின் லிஃப்டில் எத்தனையோ நாட்டுக் குழந்தைகள் ஏறும். ஒன்றுகூட என்னைப் பார்த்துப் பயப்படாது. ஆறடி உயரம், தாடி, கரகரத்த குரல் எதுவும் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. "ஹாய் அங்கிள்" என்று சொல்லிவிட்டு என் காலில் சைக்கிளை ஏற்றிவிட்டுப் போவார்கள். கீழக்கரையில் இருக்கும் என் மகள் சுமையா மட்டும் என் போன் வந்தாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். ஆறு வயது. பெற்ற பிள்ளைக்கு மட்டும் நான் ஏன் இப்படி ஆனேன் என்பது எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. விளங்க வைத்தது ஒரு ஜப்பான் பேய். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

ஷார்ஜா முவைலாவில் எனக்கு ரூம். காலையில் கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு துபாய் போய், சாத்தோ என்ற ஜப்பான் இஞ்சினியரை ஏற்றிக்கொண்டு சைட்டில் விடுவது டியூட்டி. அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு நன்றாகவே புரியும். போன டிசம்பரில் ஒரு நாள் டிராஃபிக்கில் மாட்டி நின்றபோது, தன் ஊர்ப் பேயின் கதையைச் சொன்னார். அவர் ஊர் ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் கடற்கரை. பேயின் பெயர் நமஹாகே. சிவந்த முகம், கொம்பு, வெளியே நீட்டிய பல், உடம்பெல்லாம் வைக்கோல், கையில் பெரிய கத்தி.

முன்னொரு காலத்தில் சீனத்து ராஜா ஒருவர் ஐந்து பேய்களைக் கடல் தாண்டி அந்த ஊருக்கு வேலைக்குக் கொண்டுவந்தாராம். வருஷம் முழுக்க ஓயாத வேலை. ஒரே ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளில் பேய்கள் மலையிலிருந்து இறங்கி, விளைச்சலை அள்ளும், பெண்பிள்ளைகளைத் தூக்கும். பொறுக்க முடியாத ஊர்க்காரர்கள் பந்தயம் கட்டினார்கள். கடற்கரையிலிருந்து மலைக்கோயில் வரைக்கும் சேவல் கூவுவதற்குள் ஆயிரம் கல்படி கட்ட வேண்டும். கட்டிவிட்டால் வருஷம் ஒரு பெண் தருவோம், முடியாவிட்டால் இந்தப் பக்கமே வரக் கூடாது என்றார்கள். பேய்கள் கல்லைச் சுமந்து சுமந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது படி கட்டிவிட்டன. மிச்சம் ஒரே படி. அப்போது ஊர்க்காரன் ஒருவன் இருட்டில் ஒளிந்துகொண்டு சேவல் மாதிரிக் கூவிவிட்டான். விடிந்துவிட்டது என்று நம்பிய பேய்கள், ஆத்திரத்தில் ஆயிரம் வருஷத்து மரம் ஒன்றைப் பிடுங்கித் தலைகீழாக நட்டுவிட்டு மலைக்குள் ஓடிவிட்டன.

நான் கேட்டேன், அந்தப் பேய்களுடைய கஃபீல் யார், ஊருக்குத் திருப்பி அனுப்பினார்களா இல்லையா என்று. நம்மை வேலைக்கு எடுத்து விசாவுக்குப் பொறுப்பாக இருப்பவரை இங்கே கஃபீல் என்போம். சாத்தோவுக்கு அது புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் வெகுநேரம் சிரித்தார். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்கிறேன், நாங்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள் பக்கம், பேய்களின் விசாவைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீதான் காதர்-சான் என்றார். பேரோடு சான் சேர்ப்பது அவர்கள் ஊர் மரியாதை.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். அவர் ஊரில் வருஷக் கடைசி நாள் மாலையில் ஆட்கள் நமஹாகே வேஷம் கட்டி வீடு வீடாகப் போவார்களாம். அழுகிற பிள்ளை உண்டா, சோம்பேறி உண்டா என்று கத்துவார்களாம். அவருடைய ஏழு வயது மகன் துபாயிலேயே வளர்ந்தவன். வீட்டிலும் இங்கிலீஷ்தான். இவன் ஒரு தடவையாவது நமஹாகேயைப் பார்க்க வேண்டும், முகமூடி ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன், உயரமான ஆள்தான் இல்லை என்று சொல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வேஷம் துபாய் சத்வா கடைத்தெருவில் தயாரானது. ஆட்டுத் தீவனக் கடையில் வைக்கோல் வாங்கிக் கொடுத்து, ஒரு டெய்லரிடம் சாக்கில் வைத்துத் தைக்கச் சொன்னோம். கல்யாணத்துக்கா என்று அவர் கேட்டார். வருஷக் கடைசி நாள் அந்தி நேரத்து மஃரிபு தொழுதுவிட்டு, சாத்தோவின் மாடிக்குப் போகும் படிக்கட்டில் நின்று அதை மாட்டிக்கொண்டேன். உடம்பெல்லாம் அரிப்பு. ரோந்து வந்த பாகிஸ்தானி வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டு இரண்டு படி பின்னால் போனார். முகமூடியைத் தூக்கி ஸலாம் சொன்ன பிறகுதான், "டியூட்டியா பாய்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கதவு திறந்ததும் சாத்தோ சொல்லிக்கொடுத்த மாதிரி தரையை உதைத்து, "நாகு கோ வா இநேகா", அழுகிற பிள்ளை உண்டா, என்று கத்தினேன். பையன் அலறிக்கொண்டு ஓடி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான். எனக்கு அடுத்த வரி மறந்துபோனது. பேய் சும்மா நிற்கக் கூடாதல்லவா? வாயில் வந்ததைத் தமிழில் கத்தினேன். "ஒழுங்கா படிக்கிறியா? உம்மா பேச்சக் கேக்குறியா? சேட்ட பண்ணா பாத்துக்க, வந்தேன்னா தோல உரிச்சிருவேன்."

கத்திய பிறகுதான் என் காதில் அது விழுந்தது. வாரா வாரம் சுமையாவிடம் போனில் நான் கேட்பது ஒரு எழுத்து மாறாமல் இதுதான். சாத்தோவுக்கு என்ன தெரியும்? பேய் பாஷை என்று நினைத்து, தரையில் மண்டியிட்டு, ஒரு கையால் பின்னாலிருந்த பையனை அணைத்துக்கொண்டு, தலை குனிந்து குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு எனக்கு ஜூஸும் சோற்று உருண்டையும் வைத்தார். வெளியே வந்து வைக்கோலைக் கழற்றும்போது, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். இவன் என் பிள்ளை, நல்லவன், இவனுக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன், அந்த வீட்டு அப்பா அதைச் சொன்னால்தான் நமஹாகே போகும், அதுதான் முறை என்றார்.

ரூமுக்கு வரும் வழியெல்லாம் போன லீவுதான் மனசில் ஓடியது. இரண்டு வருஷம் கழித்துப் போயிருந்தேன். அப்போது சுமையாவுக்கு நாலு வயது. மகன் ரியாஸ் நான் கேட்காமலேயே நோட்டுகளை எல்லாம் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சுமையா மூன்றாம் நாள் உம்மாவிடம், "இந்த ஆளு எப்பம்மா போவாங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

மறுநாள் மதியம் வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி பாத்திமா எடுத்தாள். இனிமேல் பிள்ளைகளிடம் என் பேரைச் சொல்லி மிரட்டாதே என்றேன்.

"பின்ன யார் பேரச் சொல்ல மச்சான்? இங்க என் சத்தத்துக்கு ரெண்டும் அசையுறதில்ல. 'வாப்பாக்கு போன் போடவா'ன்னாதான் சோறே உள்ள போவுது. நீங்க அங்க நல்ல பேரு எடுத்துக்கிட்டு இருங்க, நான் இங்க யார வச்சு வீட்ட ஓட்ட?"

அவள் சொன்னதில் தப்பில்லை. தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவளுக்கு மிரட்ட ஒரு ஆள் வேண்டும்தான். அதனால் வேறு ஆளைக் கொடுத்தேன். நமஹாகேயின் கதையைச் சொல்லி, மிரட்டுவது அது, பரிந்து பேசுவது நான் என்று முடிவு செய்தோம். பாத்திமா சிரித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் புகுந்திருந்த சுமையாவுக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள். கொம்பு வச்ச ஒண்ணு வந்து நிக்கிது, இவ சோறு திங்காம ஓடுறாளாம், என்ன சொல்ல என்று கேட்டாள்.

"அவ என் பிள்ள. நல்ல பிள்ள. அவளுக்கு நான் பொறுப்புன்னு சொல்லு" என்றேன்.

பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "வாப்பா, அது எங்க இருந்து வருது?"

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வேலைக்கு வந்தது என்றேன்.

"அதுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

கதையில் அது இல்லை. இருந்தாலும் இருக்கிறது என்றேன், ஊரில் இருக்கிறார்கள்.

"அது வீட்டுக்குப் போனா அதுங்க பயப்படுமா?"

முதல்ல பயப்படும், அப்புறம் பழகிரும் என்றேன். பாத்திமா வீடியோவைப் போட்டு, போனைத் தரையில் சாய்த்து வைத்தாள். ஒரு கண், ஒரு காது, பாதி வாய், கட்டிலுக்கு வெளியே அவ்வளவுதான் தெரிந்தது. மீதியை இழுத்து வெளியே கொண்டுவர இங்கிருந்து கை எட்டாது. எனக்கு லீவு ஜூலையில்தான்.