கேட்காமல் அடித்த பெயர்

விருத்தாசலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்த இரண்டாவது வருடமே வேலைவாய்ப்புப் பிரிவை என் தலையில் கட்டிவிட்டார்கள். துறையில் நான்தான் இளையவள், மறுக்கத் தெரியாதவளும்கூட. பிரிவு என்பது பெயருக்குத்தான். ஆய்வகத்தை ஒட்டிய அறையில் ஓர் இரும்பு அலமாரி, ஒரு பதிவேடு, வராந்தாவில் ஓர் அறிவிப்புப் பலகை. வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு விளம்பரங்களை நாளிதழிலிருந்து வெட்டி அதில் ஒட்டுவேன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்த காலம் அது. எங்கள் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

அப்படி இருக்கையில் காரைக்கால் பக்கமிருந்து ஒரு டைல்ஸ் கம்பெனியின் கடிதம் வந்தது. சோதனைக் கூடத்துக்கு வேதியியல் இறுதியாண்டுப் பிள்ளைகள் வேண்டும், ஆண் பெண் இருபாலரும் வரலாம், தங்க விடுதி உண்டு, ஆறு பேரை நேர்முகத் தேர்வுக்கு அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு மண்ணைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

முதல்வர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "திங்கக்கெழமைக்குள்ள பேரு போயிடணும் மேடம். வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா அப்புறம் நம்ம காலேஜ திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க. கட்டாயம் போற பிள்ளைங்களா பாத்துப் போடுங்க."

ஆய்வகத்தில் என் மேசையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். முதலில் எழுதியது ஒரு பெண்ணின் பெயர். திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மங்களூரைத் தாண்டி ஒரு கிராமம். திட்டக்குடியில் பஸ் மாறி வருவாள். அப்பா பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற விவசாயி. உப்பைக் கொடுத்து என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னால், மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கையில் அவள் மூன்றே சோதனையில் முடித்துவிட்டு, சரியா என்று கேட்காமல் போய்ச் சோதனைக் குழாயைக் கழுவுவாள். சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுடையது.

எழுதிய பெயரை நானே அடித்தேன்.

நாலு மணிக்கு மேல் சிறப்பு வகுப்பு வைத்தால் அவள் பஸ்ஸை நினைத்துத் தவிப்பதைப் பார்த்திருந்தேன். அவள் அக்காவைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததுமே கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் தெரியும். இந்த வீட்டில் பெண்ணைக் காரைக்காலுக்கு அனுப்பவா போகிறார்கள் என்று நினைத்தேன். படிப்பு முடித்தபோது எனக்கு பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. என் அப்பா அனுப்பவில்லை. எல்லா அப்பாக்களும் என் அப்பாவாகத்தான் எனக்குத் தெரிந்தார்கள். அவள் பெயர் இருந்த இடத்தில், கட்டாயம் போவான் என்று தோன்றிய ஒரு பையனின் பெயரை எழுதினேன்.

அந்த நேரத்தில் அவள் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றிருந்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடிதத்தைப் பலகையிலாவது ஒட்டியிருக்கலாம். ஒட்டினால் எல்லோரும் வந்து நிற்பார்கள் என்று அதையும் செய்யவில்லை.

அந்தப் பையனுக்கு வேலை கிடைத்தது. பரீட்சை முடிந்ததும் போய்ச் சேர்ந்தவன் இருபதே நாளில் திரும்பி வந்தான். "அங்க சாப்பாடு ஒத்துக்கல மேடம்" என்றான்.

அதற்கடுத்த வாரம் அவள் சான்றிதழ் வாங்க அப்பாவோடு வந்தாள். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டுத் துறைக்குள் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். கூடப் படிச்சதுங்கல்லாம் கம்பெனி இன்டர்வியூக்குப் போயிட்டு வந்துச்சாமே. பாப்பாவ மட்டும் ஏன் அனுப்பலீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "தூரமா இருக்குதே, நாங்க வுடமாட்டோம்னு நெனச்சிட்டீங்களோன்னு வூட்ல பாப்பாவோட அம்மா சொன்னா. பெரியத அவசரப்பட்டுக் கட்டிக் குடுத்துட்டு இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல. இது எங்க போறேன்னாலும் நானே பெட்டிய தூக்கிக்கினு போயி வுட்டுட்டு வருவேங்க."

உண்மையை அவரே சொல்லிவிட்டார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். எனக்கு அது வரவில்லை. "மார்க்கு பாத்துத்தாங்க எடுத்தாங்க" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள்தான் முதல் மதிப்பெண் என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கைதட்டச் சொன்னவள் நான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆமாப்பா. எனக்குக் கொஞ்சம் கொறஞ்சிடுச்சி. வா, பஸ்ஸுக்கு நேரமாவுது."

"அப்படிங்களா. அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று அவர் என்னைக் கும்பிட்டார்.

அன்றே கம்பெனிக்கு எழுதினேன். அந்தப் பையன் விட்டுப்போன இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அவள் முகவரி பதிவேட்டில் இருந்தது. நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை தாளை எடுத்தேன். இரண்டு முறையும் 'அன்புள்ள' என்பதோடு நின்றுபோனது.

அடுத்த வருடத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அன்றே பலகையில் ஒட்டினேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டில் விடமாட்டார்கள் என்ற பெண்களிடம், நான் வந்து பேசட்டுமா என்றேன். நல்லூர் பக்கம் இரண்டு வீடுகளுக்கு நேரிலேயே போனேன். ஒரு வீட்டில் ஒப்புக்கொண்டார்கள், இன்னொரு வீட்டில் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மேடம் பிள்ளைகள்மேல் அக்கறையுள்ளவர் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை யாராவது சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றுவேன்.

நாலைந்து வருடம் கழித்து விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை. திட்டக்குடியில் ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சராக இருக்கிறேன் என்றாள். அப்பாவைக் கேட்டேன்.

"நல்லா இருக்காருங்க மேடம். உங்களப் பத்திப் பேச்சு வந்தா நல்லாத்தான் சொல்லுவாரு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு நான் பொய் சொன்னேன்மா. உன் பேர எழுதிட்டு நான்தான் அடிச்சேன். உங்க வீட்ல விடமாட்டாங்கன்னு நானா நெனச்சிட்டேன்."

"தெரியும் மேடம்" என்றாள். குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "உங்கள அப்பா எதுத்துப் பேசிடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். வுடுங்க." பிறகு, ரொம்ப நேரம் யோசித்தவள்போல, "நீங்க கேட்டிருந்தீங்கன்னா போயிருப்பேங்க மேடம்" என்றாள்.

திட்டக்குடி பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. "ஒரு நிமிஷம் புடிங்க மேடம்" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறி, இடம் பிடித்து, ஜன்னல் வழியாகக் கை நீட்டினாள். கொடுத்தேன். "போயிட்டு வரேங்க" என்றாள்.