செல்வராணி எடுக்கச் சொன்ன பத்தி

இந்தக் கோடை விடுமுறையில் ராபர்ட்சன்பேட்டை வாசகசாலையில் எனக்கு ஒரு வேலை. வசதியில்லாத மாணவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன்.

இன்று செல்வராணி வந்தாள். மூன்று வருடம் முன்பு மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்து அவள் அப்பா இறந்துபோனார்.

ஆழத்தில் பாறை ஏன் வெடிக்கிறது என்பதுதான் அவள் எழுதிவந்த கட்டுரை. அப்பாவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. படிப்பவர்கள் மனம் இளகட்டும் என்று நானே ஒரு பத்தி சேர்த்து அடித்துவிட்டேன்.

வாங்கிப் படித்தவள் முகம் மாறியது.

"இன்னாக்கா இது? எங்கப்பா செத்தத சொன்னாத்தான் சீட்டு குடுப்பாங்களா?"

"சொன்னா நல்லது ராணி. நிறைய பேர் இப்படித்தான் எழுதறாங்க."

"எங்கப்பாவுக்காகத்தான் படிக்கப் போறேன். அவர காட்டி கேக்க மாட்டேன். எடுத்துடுங்கக்கா."

புதுத் தாள் செருகி, அவள் எழுதியதை எழுதியபடியே அடித்தேன். அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் விமானத் தபாலில் சேர்த்தாயிற்று.

இடம் கிடைக்குமா, தெரியாது. நீங்களாக இருந்தால் அந்தப் பத்தியை எடுத்திருப்பீர்களா? எழுதுங்கள். கேட்காமல் செய்யும் உதவியை மட்டும் நான் இன்றோடு நிறுத்திவிட்டேன்.