புரட்டிப் பார்க்கிற அக்கா
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும் அக்காவுக்கு எதையும் மறுபக்கம் புரட்டிப் பார்க்காவிட்டால் கை ஓடாது. கறை அங்கேதான் ஒளிந்திருக்கும் என்பாள்.

போன வருடம் முதியோர் கல்வி வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். "ஓசியில எவன் சொல்லித் தருவான்? ஏதோ உள்குத்து இருக்கு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தங்கையின் நச்சரிப்பு தாங்காமல்தான் இந்த வருடம் போனாள். ஆறு மாதம், ஒருநாள்கூட விடவில்லை.

கடைசி நாள் வாத்தியார் பதிவேட்டை நீட்டினார். "இங்க கையெழுத்துப் போடுங்கம்மா."

அக்கா தாளைப் புரட்டினாள். பின்பக்கம் போன வருடத்துப் பட்டியல். எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் பெயர், எதிரே 'தேர்ச்சி', அடியில் இதே வாத்தியாரின் கையெழுத்து.

"போன வருஷமே பாஸாயிட்டேனா சார்? அப்புறம் எதுக்கு ஆறு மாசமா என் உயிர வாங்குனீங்க?"