மடித்துக் கொடுத்த இரண்டு சால்வைகள்

காஞ்சிபுரம் ஸ்டேஷனில் போலீஸ் என்னைப் பிடித்துப் போனதைப் பற்றி உறவினர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

மகளைத் திண்டுக்கல்லில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அன்று சாயங்காலம் அவளுக்கு வளைகாப்பு. கை நிறைய வளையலோடு அவளைப் பார்க்க எனக்கு ஆசை. எங்கள் ஊரிலிருந்து அங்கே நேர் ரயில் கிடையாது. மின்சார ரயிலில் செங்கல்பட்டு போய் வண்டி மாற வேண்டும். நானும் மனைவியும் காலையிலேயே சீர்க்கூடையோடு ஏறி உட்கார்ந்தோம். வண்டி கிளம்பவில்லை.

தெற்கே நெடுந்தூர ரயில் கேட்டு ஒரு கட்சிக்காரர்கள் வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்லி பணம் ஒதுக்கவில்லை என்பது அவர்கள் கோஷம். அதே ரயிலைக் கேட்டு இன்னொரு கட்சியும் அன்றைக்கே வந்திருந்தது. சென்னை நிலம் எடுத்துக் கொடுக்கவில்லை என்பது இவர்கள் கோஷம். முன்பக்கம் இடமில்லாததால் இவர்கள் பின்பக்கம் உட்கார்ந்தார்கள். மின்சார ரயிலுக்கு இரண்டு பக்கமும் தலை இருப்பதால் அதுவும் மறியல்தானாம்.

மனைவி ஜன்னல் வழியாகக் கத்தினாள். "ரயிலு வேணும்னு ரயில நிறுத்திக்கினு இருக்கீங்களே! நாங்க திண்டுக்கல் போவணும்பா!"

முன்பக்கத் தலைவர் முகம் மலர்ந்தது. "திண்டுக்கல்லா? எறங்கி வாங்கண்ணே. உங்கள மாதிரி ஆளுக்காகத்தான் வெயில்ல ஒக்காந்துக்கினு இருக்கோம்."

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. இறங்கினேன். கேமராவுக்கு முன்னால் நிறுத்தி, தோளில் ஒரு சால்வையைப் போர்த்தினார்.

நான் பட்டுக் கடையில் சேலை மடிப்பவன். வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்து ஒதுக்குவதை மடித்து விற்பவர் கையில் திரும்பக் கொடுப்பதே என் வேலை. கூட்டம் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், கை மட்டும் தன் வேலையைச் செய்யும். சால்வை தோளிலிருந்து சரிந்தது. பார்டர் வெளியே தெரிய நான்காக மடித்து, தலைவர் கையிலேயே வைத்துவிட்டேன்.

"இன்னாண்ணே, திருப்பிக் குடுத்துட்ட?"

பின்பக்கத்திலிருந்து விசில் கிளம்பியது. "பாத்தியா! பொதுஜனமே உன் சால்வைய வேணான்னுட்டாரு!" ஓடி வந்து என்னை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் தங்கள் சால்வையைப் போர்த்தினார்கள். அதையும் மடித்துக் கொடுத்தேன். துணி கொஞ்சம் விறைப்பு. மடிப்பு இன்னும் நன்றாகவே விழுந்தது.

"யோவ், நீ யாரு ஆளுய்யா?" இரண்டு கட்சியும் சேர்ந்து என்னைச் சூழ்ந்தன. தள்ளுமுள்ளில் போலீஸ் வந்து எல்லோரையும் வேனில் ஏற்றியது, என்னையும் சேர்த்து. பாதை கிடைத்ததும் ரயில் நகர்ந்தது. ஜன்னலிலிருந்து மனைவி ஒரு பெண் போலீஸைப் பார்த்துக் கத்தினாள். "அந்த ஆள வுட்ருங்கமா, வாயில்லா ஜீவன் அது!" பிறகு என்னிடம், "கூடைய நான் பாத்துக்கறேன், நீ எப்படியாச்சும் வந்து சேருய்யா!"

எங்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்துச் சாப்பாடு போட்டார்கள். சாயங்காலம்தான் விடுவார்களாம். தலைவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் அப்பளம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மோர் வந்த பிறகே எனக்கு வாய் திறந்தது. அந்தப் பெண் போலீஸிடம், "பொண்ணுக்கு வளைகாப்புமா," என்றேன்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா ஐயா?"

தலைவர்கள் காதிலும் விழுந்தது. இருவரும் எழுந்து, என்னை உடனே விடச் சொல்லிப் போலீஸோடு சண்டை போட்டார்கள். அன்று இரண்டு கட்சியும் ஒன்றாகக் கேட்டுக் கிடைத்தது நான் ஒருவன்தான்.

பஸ் மாறி மாறி நின்றபடியே போய்ச் சேர்ந்தேன். சடங்கு முடிந்திருந்தது. ஆனால் மகள் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு வாசலுக்கே வந்தாள். என் படம் அவள் போனுக்கு முன்பே வந்திருந்தது.

"அப்பா, நீ எந்தக் கட்சிபா?"

"எவன் போத்தினாலும் மடிச்சிக் குடுக்கற கட்சி," என்றாள் மனைவி. "மொதல்ல அவருக்கு எல போடுடி."

மறுநாள் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு திரும்பினோம். செங்கல்பட்டில் வண்டி மாற, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் படி ஏறி இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் வளையல் குலுங்கியது. காஞ்சிபுரம் வண்டி நின்றிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, முன்பின் தெரியாத ஒரு ரயில்வே ஊழியரிடம் நானாகப் போய்ச் சத்தமாகக் கேட்டேன்:

"இன்னிக்கி எங்கியாவது மறியல் இருக்குதுங்களா?"