அவன் கையில் வைத்த குழவி

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. எழுதினால் படிக்கிறவர்கள் வாயில் நாலு தடவையாவது அந்தப் பெயர் வந்துபோகும். அந்த மரியாதைகூட அவனுக்குக் கிடைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் என்றே சொல்கிறேன். கோலார் தங்க வயலில் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். மேலே மண் பூசியிருக்கும். மழைக்கு உதிர்ந்தால் திரும்பப் பூசுவோம். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து "நூறு வயசு" என்போம். அவ்வளவு நெருக்கம்.

நானும் அவனும் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற ஒரே கேஜில் இறங்கி, பூமிக்கடியில் ஒரே லெவலில் வேலை செய்தவர்கள். மேல்பாறை விழாமல் மரக்கட்டை கொடுத்து நிறுத்துகிற வேலை. எங்கள் மேஸ்திரிக்கு ரிட்டயர் ஆகிற காலம் வந்திருந்தது. அந்த இடத்துக்கு நான், இல்லாவிட்டால் அவன். இது லைனில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

அந்தச் சமயத்தில் எனக்கு மூலம் முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். புண் ஆறியது. ஆறும்போது வடு இறுகி, ஆசனவாயே சுருங்கிவிட்டது. வெளிக்கு உட்கார்ந்தால் முருகா முருகா என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவேன். மறுபடி போய்க் காட்டியபோது டாக்டர் ஓர் அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். உள்ளே கறுப்பாக, வழவழவென்று மூன்று உருப்படிகள். ஒன்று சுண்டுவிரல் கனம், அடுத்தது கட்டைவிரல் கனம், மூன்றாவது அதைவிடப் பெரிது. மூன்றுக்கும் நுனி மழுங்கியிருந்தது, அடியில் அகலமாக ஒரு தட்டு. அதை உள்ளே விட்டுச் சிறிது நேரம் வைத்திருந்தால் இறுகின இடம் நாளாக ஆகத் தளரும் என்றார். அவர் சொன்ன இங்கிலீஷ் பெயர் என் வாயில் நிற்கவில்லை. என் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, அம்மிக் கொழவிக்குக் குட்டி பொறந்தாப்புல கீது!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் குழவி என்றுதான் பேர்.

டாக்டர் சொன்னதில் பாதியை நான் வெட்கத்தில் காதில் வாங்கவில்லை. பூமிக்கடியில் சம்மட்டியால் கட்டையை அடித்து இறுக்குகிறவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்து, எடுத்த எடுப்பில் நடுக்குழவியை எடுத்தேன். நின்ற வாக்கில், மூச்சை அடக்கிக்கொண்டு, வாசலின்கூடத் தடவாமல். உயிர் போய் வந்தது. ரத்தம் வேறு. மறுநாள் டாக்டர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"இடிச்சுத் தெறக்கறதுக்கு அது கதவு இல்லய்யா" என்று அவர் கத்தினார். "அது தசை. பயந்தா மூடிக்கும். அவசரப்பட்டா இன்னும் மூடிக்கும். சின்னதை விட்டுட்டு நடுவுல இருக்கறத எடுக்கச் சொல்லி உனக்கு எவன் சொன்னான்?"

பிறகு நிதானமாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அடியில் இருக்கிற தட்டு எதற்கு என்று கேட்டேன்.

"அது இல்லேன்னா உள்ள இழுத்துக்கும். அந்த எடத்தோட குணம் அப்படி. சொகத்துக்காக செஞ்சுக்கறவங்களும் இருக்காங்க, ஆம்பளையும் உண்டு, பொம்பளையும் உண்டு. நான் ஒருத்தரையும் கேவலமா பேச மாட்டேன். ஆனா கையில கெடச்சதை உள்ள விட்டுட்டு, எடுக்க முடியாம எங்கிட்ட ஓடி வர்றாங்க பாரு, அதுதான் எனக்குக் கோவம். அடிப்பக்கம் அகலமா இல்லாத பொருள் எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது."

முதலில் எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. நான் கிருத்திகை தவறாமல் விரதமிருக்கிறவன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். உடம்பு கொடுத்தவன் அவனவனுக்கு எதற்குக் கொடுத்தான் என்று கணக்குக் கேட்க நான் யார்? கிழியாமல் இருந்தால் சரி.

அதற்கப்புறம் ஒழுங்காகச் செய்தேன். பகல் ஷிப்ட் முடிந்து வந்ததும் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவேன். பிறகு பாயில் ஒருக்களித்துப் படுப்பேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவாள்.

"மூச்ச வுடுங்க. மெதுவா... தோ, போய்கினே கீது பாருங்க. இன்னிக்கு சின்னது சும்மா போயிடுச்சு."

"அப்ப நாளைக்கு?"

"நாளையிலேந்து நடுவுது. அப்பாலிக்கா பெரிசு."

"பெரிசும் போவும்ன்றியா?"

"எல்லாம் பழக்கம்தாங்க. உள்ள எடம் ஆயிடும்."

தட்டிக்கு அந்தப் பக்கம் அவன் காதை வைத்துக் கேட்டிருக்கிறான்.

வேறு ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவனை அப்படியே வீட்டுக்கு விடமாட்டார்கள். தேடுகிற ரூம் ஒன்று இருக்கும். துணியை உதறி, வாயைத் திறந்து, தலைமயிரைக் கோதிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வரலாம். தங்கம் ஓடின கல்லைத் துணியில் முடிந்து, பின்பக்கமாக உடம்புக்குள்ளேயே வைத்துக் கொண்டுவந்து அகப்பட்டவர்களும் உண்டு. அதனால் 'உள்ள எடம் ஆயிடும்' என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. தோன்றியதில் தப்பில்லை. என்னைக் கூப்பிட்டு, "இன்னாபா இது" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மேஸ்திரி வேலை கண்ணை மறைத்தது. நேரே போய்க் காவல்காரர்களிடம் சொன்னான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து ரூமுக்குள் போனால் காவல்காரர்கள் எனக்காகவே நின்றிருந்தார்கள். என்னைத் தனியாக ஒதுக்கி, குனி என்றார்கள்.

"ஆபரேசன் ஆயிருக்கு சாமி. அந்த எடம் இன்னும் சரியாவல."

"தங்க ஆபரேசனா?" என்றான் ஒருத்தன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

காய்ந்த விரலோடு, ஈவிரக்கம் இல்லாமல் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. நான் இத்தனை நாள் பொறுமையாகத் தளர்த்தினதெல்லாம் ஒரு நிமிஷத்தில் கிழிந்தது. டிராயரில் ரத்தம் இறங்க, அப்படியே என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். லைனே கூடிவிட்டது. பானை சட்டியெல்லாம் உருட்டியும் ஒன்றும் அகப்படவில்லை. அப்போது கூட்டத்திலிருந்து அவன் குரல் வந்தது.

"அந்த உத்தரத்து மேல பாருங்க."

என் மனைவி சட்டென்று திரும்பினாள். "எங்க வூட்டு உத்தரத்து மேல இன்னா கீதுன்னு உனுக்கு எப்டிடா தெரியும்? தட்டியில ஓட்டை போட்டு வச்சிகினு கீறியா நீ?"

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். என்னைக் காட்டிக் கொடுத்தது யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உத்தரத்து மேலிருந்த குழவிப் பெட்டியையும் வாசலின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள். விசாரணை முடிகிறவரை வேலைக்கு வராதே என்று உத்தரவு. திருட்டு என்று முடிவானால் வேலை போகும், வேலையோடு லைன் வீடும் போகும். பங்காருபேட்டையில் ரயில் ஏறி, சொந்தம் என்று சொல்ல ஒருத்தரும் மிஞ்சாத ஊருக்குப் பிள்ளைகளோடு திரும்ப வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் முருகன் கோயிலுக்குப் போனேன். உட்கார முடியாமல் நின்றபடியே கும்பிட்டேன். வேலையைக் காப்பாற்று என்று கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "என்னை எத்தனை பேர் முன்னால நிறுத்தினானோ அத்தனை பேர் முன்னால அவன் கூனிக் குறுகணும். அதை நான் பாக்கணும். நீ அசுரனைச் சும்மாவா வுட்ட?" இதில் பாவம் இருப்பதாக அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

விசாரணை ஆபீசில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் ஆபீசர். ஒரு பக்கம் காவல்காரர்கள், இன்னொரு பக்கம் சாட்சியாக அவன். ஜன்னலுக்கு வெளியே ஷிப்ட் மாறுகிற கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டனுப்பியிருந்த டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. மேஜைமேல் என் குழவிகள் மூன்றும் வரிசையாக.

அவன் தட்டி வழியாகக் கேட்டதையெல்லாம் ஒப்பித்தான். ஆபீசர் என்னைப் பார்த்து, "இது என்ன? எதுக்கு?" என்றார்.

"சொல்றேன் தொர. ஆனா தட்டி வழியா ஒட்டுக் கேட்டவன் அவன். அதனால அவன் கையில ஒண்ணைக் குடுங்க. பாத்துகினே கேக்கட்டும்."

ஆபீசருக்கு என்ன தோன்றியதோ, தலையசைத்தார். காவல்காரன் பெரிய குழவியை எடுத்து அவன் கையில் வைத்தான். நான் ஆரம்பித்தேன். ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரி, திருப்புகழ் சொல்லுகிற குரலில்.

"மொதல்ல வெந்நீர்ல குந்தணும். ஒடம்பு தளரணும். அப்பாலிக்கா வாசலின். கஞ்சத்தனம் பண்ணக் கூடாது, கொழவிக்கும் பூசணும், எடத்துக்கும் பூசணும். அந்த எடத்துக்குத் தானா வழவழப்பு கெடையாது தொர, வாய் மாதிரி எச்சில் ஊறாது. காஞ்சுபோய் நொழைச்சா கிழியும். அன்னிக்கு உங்க ஆளுங்க விரலை வுட்டாங்களே, அது மாதிரி."

காவல்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, முட்டிய மடக்கிக்கணும். சின்னதுலதான் ஆரம்பிக்கணும். மூச்ச வுட்டுகினே, வெளிக்குப் போறாப்புல லேசா முக்கணும். முக்கினா மூடும்னு நெனைப்பீங்க, அப்பதான் அது தெறக்கும். நாம தள்ளக் கூடாது, சும்மா வச்சிகினு இருந்தா அதுவே வாங்கிக்கும். கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், அது பரவால்ல. வலிச்சா நிறுத்தணும். வலி தெரியாம இருக்க மரத்துப்போற மருந்து தடவிக்கலாமான்னு டாக்டரைக் கேட்டேன். கூடாதுன்னாரு. வலி தெரியலேன்னா கிழியறதும் தெரியாது."

"போதும்பா" என்றார் ஆபீசர்.

"போதாது தொர. என் வேலை போவப் போவுது. முழுசாக் கேளுங்க." அவன் பக்கம் திரும்பினேன். "அடியில அந்தத் தட்டைத் தடவிப் பாரு. எதுக்குன்னு தெரியுமா? உள்ள போய் மாட்டிக்காம இருக்க. தங்கத்தை ஒளிக்கறவனுக்குத் தட்டு எதுக்குடா? வெளியவே தெரியுமே! சின்னது நோவாம போனாதான் அடுத்தது. எடுக்கறப்பவும் மெதுவா. ரத்தம் வந்தா அன்னியோட நிறுத்திட்டு டாக்டரைப் பாக்கணும். முடிஞ்சா சோப்புப் போட்டுக் கழுவி காய வைக்கணும். ஒருத்தர் யூஸ் பண்ணினதை இன்னொருத்தர் தொடக் கூடாது. நீ இப்ப தொட்டுகினு கீற. வூட்டுக்குப் போய் நல்லா கையைக் கழுவிக்க."

ஜன்னலுக்கு வெளியே ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் அத்தனை பேரும். அவன் குழவியைக் கீழே வைக்கவும் தெரியாமல், பிடித்திருக்கவும் முடியாமல், நெருப்பைப் பிடித்தவன் மாதிரி நின்றான். அந்த நிற்பை நான் கண்ணாரப் பார்த்தேன். முருகன் கொடுத்ததில் ஒரு துளி சிந்தாமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரத்துக்கு டாக்டர் உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார். "என் பேஷன்டுக்கு நான் குடுத்ததை ஏன்யா இவன் வச்சுக்கிட்டு நிக்கறான்?" என்றார். அதோடு விசாரணை முடிந்தது. வேலை மிஞ்சியது, வீடு மிஞ்சியது. என்னைத் தேடிய காவல்காரர்களுக்கு வெறும் எச்சரிக்கைதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேஸ்திரி வேலை எங்கள் இருவருக்குமே கிடைக்கவில்லை. வேறு ஷாப்டுக் குழியிலிருந்து ஒருத்தரைக் கொண்டுவந்து போட்டார்கள். அவனுக்குக் கிடைக்கவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அப்புறம் அவனால் கேஜில் நிம்மதியாக இறங்க முடியவில்லை. கேஜ் கீழே பாயும்போது இருட்டில் எவனாவது, "மூச்ச வுடுண்ணே, மெதுவா" என்பான். இன்னொருத்தன், "உள்ள எடம் ஆயிடும்" என்பான். கேஜே குலுங்கும். நிறுத்தச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். சொல்லவில்லை.

எனக்குப் புண் ஆற மாதக்கணக்கில் ஆனது. மறுபடி சின்னக் குழவியிலிருந்து ஆரம்பித்தேன். அது உள்ளே போகவே மாட்டேன் என்றது. மனைவி கண்டுபிடித்தாள்.

"அவனை நெனைச்சுகினே படுக்கறீங்க. கோவத்துல இறுக்கிக்கறீங்க. அந்தப் பாவியை அந்த நேரத்துக்கு மட்டும் வெளிய வுடுங்க."

சரியென்று அந்த நேரம் மட்டும் முருகனை நினைத்தேன். மற்ற நேரமெல்லாம் அவனை. அப்படித்தான் குணமானேன்.

ஒரு கிருத்திகைக்குக் கோயிலில், சன்னதிக்குப் பின்னால் யாரும் இல்லாத இடத்தில் அவன் என்னை மறித்தான். இளைத்துப் போயிருந்தான். கையைக் கூப்பினான்.

"அண்ணே, தெரியாம செஞ்சுட்டேன். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பசங்ககூட என்னைப் பாத்து சிரிக்கறாங்க."

"லைன்ல தண்ணிக் கொழாய்க்கிட்ட வந்து சொல்லு. பொம்பளைங்க கொடத்தோட நிக்கறப்ப. 'இவரு திருடன் இல்ல, நான்தான் பொறாமையில காட்டிக் குடுத்தேன்'னு சொல்லு."

"அது எப்டிண்ணே... அத்தினி பேர் முன்னால..."

"என்னை எங்க நிறுத்தின? இங்க மூலையிலயா?"

குழாயடிக்கு வருகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவன் சொல்லவில்லை. பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார். வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கூப்பின கையோடு நின்றவனைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டேன்.